நெஞ்செரிச்சலுக்கு மெஷின் தண்ணீர் வேண்டுமா?



சிவகாசி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தபோது, ஓர் உறுப்பினர் உள்கடன் கேட்டார். எதற்கு என்று விசாரித்தோம். "உடம்புல அமிலம் கூடிப்போச்சாம் மேடம். அதான் நெஞ்சு எரியுதுன்னு மெஷின் விக்க வந்தவர் சொன்னார். காரத் தண்ணி குடிச்சா சரியாயிருமாம்" என்றார். வந்தவர் குடிதண்ணீரில் ஏதோ சொட்டு விட்டு நிறம் மாறுவதையும் காட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். சேமிப்புப் பணம் கைமாறும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

அமிலம், காரம் என்றால் என்ன?

புளி, எலுமிச்சை, மோர் இவை அமிலத் தன்மை உள்ளவை. சுண்ணாம்பு, சோப்பு, அடுப்புச் சாம்பல் இவை காரத் தன்மை உள்ளவை. இங்கே காரம் என்பது மிளகாய்க் காரம் அல்ல. இந்தத் தன்மையை அளப்பதுதான் பி.எச். அளவு. அது 0 முதல் 14 வரை போகும். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

நிறம் மாறுவது நமக்குப் புதிதா என்ன? ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது. அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சொட்டு விட்டுக் காட்டுவதும் இதே மாதிரிதான். அது தண்ணீரின் தன்மையைக் காட்டும். நம் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உடம்பு தானே பார்த்துக்கொள்கிறது

நம் ரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்கும். புளிக்குழம்பு சாப்பிட்டாலும் கீரை சாப்பிட்டாலும் இந்த எல்லையை விட்டுப் போகாது. கூடுதல் அமிலத்தை நுரையீரல் மூச்சு வழியாகவும் சிறுநீரகம் சிறுநீர் வழியாகவும் வெளியேற்றிவிடும். சாப்பாட்டுக்குத் தக்கபடி மாறுவது சிறுநீர்தான்.

இரைப்பையில் மட்டும் 1.5 முதல் 3.5 வரை, வலுவான அமிலம் இருக்கும். சாப்பாடு செரிக்கவும் கிருமி சாகவும் அது வேண்டும். காரத் தண்ணீர் உள்ளே போனதும் இந்த அமிலத்தோடு கலந்து தன் காரத்தை இழந்துவிடும்.

சிறுநீரகம் பழுதானாலோ, சர்க்கரை நோய் கட்டுமீறினாலோ ரத்தத்தில் அமிலம் கூடுவது உண்டு. அதற்குத் தேவை ஆஸ்பத்திரி வைத்தியம், தண்ணீர் அல்ல.

அப்படியானால் நெஞ்சு ஏன் எரிகிறது?

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறினால் எரிச்சல் வரும். அந்த உறுப்பினரின் ஒருநாள் பொழுதைக் கேட்டோம். விடியுமுன் சமையல். வெறும் வயிற்றில் டீ. பிறகு கம்பெனி வண்டி. மத்தியானம்தான் முதல் சாப்பாடு. ராத்திரி நேரம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுக்கை. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில்.

நம்மில் எத்தனை பேருக்கு இதே கதை! பள்ளிப் பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்று 2022-இல் தமிழக அரசு காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிள்ளையின் பசியைப் பார்க்கிற நாம் நம் பசியைப் பார்க்கிறோமா?

வயிற்றுப் புண் வேறு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், அடிக்கடி போடும் வலி மாத்திரையும் அதற்கு முக்கியக் காரணங்கள். இந்தக் கிருமியை 1982-இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர் தரும் மாத்திரைகளை முழுசாகச் சாப்பிட்டால் இதைக் குணப்படுத்த முடியும்.

நாம் செய்யக்கூடியவை

* டீக்கு முன் ஏதாவது சாப்பிடுங்கள். கேப்பைக் கூழோ இரண்டு இட்லியோ போதும்.
* ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
* காராச்சேவு, எண்ணெய்ப் பரோட்டா ஒத்துக்கொள்ளாவிட்டால் குறையுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடுங்கள்.
* வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.
* ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதை வழக்கமாக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

தாமதிக்கக் கூடாதவை

கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் மெலிவது, இவற்றில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடை வலி வந்தால் 'கேஸ்' என்று இருந்துவிடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

கடன் கேட்ட உறுப்பினர் அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தார். மெஷின் பேச்சைக் குழு தள்ளிவைத்தது.

கூட்டத்தில் பேசுவோம்

1. இன்று காலை வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?
2. சாப்பிடாதவர்களுக்குத் தடையாக இருந்தது எது? வீட்டில் யார், எந்த வேலையைப் பகிர்ந்துகொண்டால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும்?
3. உடல்நலப் பொருள் விற்க யாராவது வந்தால், வாங்குமுன் யாரிடம் கேட்போம்?