வீட்டுக் கடன் இஎம்ஐ: "பத்து நாள் டைம் இருக்கு"ன்னு நம்பலாமா?

செஞ்சிப் பக்கம் விவசாயம், வியாபாரம் பண்றவங்க கேட்கிற கேள்வி இது: "இஎம்ஐ தேதி 5. மார்க்கெட் கமிட்டியில நெல் போட்ட பணம் 10-ம் தேதிக்கு மேலதான் கைக்கு வருது. பத்து நாள் டைம் இருக்குன்னு சொல்றாங்களே, அதுக்குள்ள கட்டினா போதும்தானே?"

போதாது. இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு சலுகைக் காலம் உண்டு. கிரெடிட் கார்டுக்கு 3 நாள் உண்டு. வீட்டுக் கடனுக்கு அப்படி ஒரு பொது விதி இந்தியாவுல கிடையாது. உங்க பேங்க் சில நாள் விட்டுக்கொடுத்தா, அது பெரும்பாலும் அபராதத்துக்கு மட்டும்தான். பாக்கி நாள் கணக்கு 5-ம் தேதியே தொடங்கிடும்.

பாக்கி எப்படி எண்ணப்படுது?

2021 நவம்பர் 12 ஆர்பிஐ சுற்றறிக்கைப்படி, தவணை தேதியன்று பேங்கின் நாள் கணக்கு முடியறதுக்குள்ள பணம் வரலைன்னா அன்னைக்கே கணக்கு 'ஓவர்டியூ'. ஜூன் 5 தவணையைக் கட்டாமலே விட்டா:

- ஜூன் 5: எஸ்எம்ஏ-0
- ஜூலை 5: எஸ்எம்ஏ-1
- ஆகஸ்ட் 4: எஸ்எம்ஏ-2
- செப்டம்பர் 3: என்பிஏ, அதாவது வாராக்கடன்

என்பிஏ ஆயிட்டா ஒரு தவணை கட்டி வெளியே வர முடியாது. மொத்த பாக்கியையும் தீர்க்கணும்.

ஒரு வாரம் தள்ளினா என்ன நஷ்டம்?

₹20,000 இஎம்ஐ, 9% வட்டி. 7 நாளுக்கு வட்டி சுமார் ₹35 தான். அடி விழுறது வேற இடத்துல.

1. பவுன்ஸ் சார்ஜ்: சேமிப்புக் கணக்கு இருக்கிற பேங்க், கடன் கொடுத்த நிறுவனம் ரெண்டுமே போடலாம். ஆட்டோ டெபிட் 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாளிலும் நடக்கும்.
2. அபராதம்: 2023 ஆகஸ்ட் ஆர்பிஐ உத்தரவுப்படி இதை வட்டியில சேர்க்கக் கூடாது, இதுக்கு மேல வட்டியும் போடக் கூடாது. ஸ்டேட்மென்ட்ல சரிபாருங்க.
3. கிரெடிட் ரிப்போர்ட்: குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை விவரம் போகணும்ங்கிற விதி 2025 ஜனவரியில வந்தது. நிலவரம் எடுக்கிற நாளுக்கு அப்புறம் கட்டப்போறவர் அன்னைக்கு பாக்கிதாரர்தான்.

இன்னொரு பொறி: ஜூன் தவணையை விட்டுட்டு ஜூலையில ஒண்ணு மட்டும் கட்டினா, அது பொதுவா ஜூன் பாக்கிக்குப் போகும். ஜூலை தவணை பாக்கியா நிக்கும். ஒவ்வொரு மாசமும் கட்டியும் ஒவ்வொரு மாசமும் பாக்கி!

என்ன செய்யலாம்?

- கடன் ஒப்பந்தத்துல தவணை தேதி, அபராதம் பகுதிகளைப் படிங்க. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு அனுமதியான கடனுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தந்திருப்பாங்க, அதுலயும் இருக்கும்.
- பணம் வர்ற தேதிக்கு ஏத்தபடி இஎம்ஐ தேதியை மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்க. வாய்மொழியா "பாத்துக்கலாம்"னு சொன்னது கணக்குல ஏறாது.
- அறுவடைப் பணம் வந்ததும் ஒரு இஎம்ஐ தொகையை அந்தக் கணக்குலயே நிறுத்தி வைங்க.
- தேதி தவறிடுச்சா? மாசக் கடைசி வரை காத்திருக்காம உடனே கட்டி ரசீது வாங்குங்க. ஆட்டோ டெபிட் மறுபடி வருமான்னு கேளுங்க. இல்லன்னா ரெண்டு தடவை பணம் போகலாம்.

இன்னைக்கே உங்க ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க.