கடப்பிதழின் காவல்

கையால் எழுதி, நிழற்படம் ஒட்டி, அதன் மேல் முத்திரை பதித்த பழைய கடப்பிதழை மூத்தோர் பார்த்திருப்பர். ஒட்டிய படத்தைப் பெயர்த்து வேறொருவர் படத்தை வைப்பதே அக்காலத்து மோசடி. அதனைத் தடுக்கவே படத்தின் மீது கண்ணாடித் தாள் பதிக்கும் முறை வந்தது.

1980ஆம் ஆண்டில், இயந்திரம் படிக்கக்கூடிய கடப்பிதழுக்கு அனைத்துலக விதி வகுக்கப்பட்டது. விவரப் பக்கத்தின் அடியில் காணும் இரு வரிகள் அதன் பயனே. வரிக்கு 44 குறிகள். அவற்றுள் சில, கணக்குச் சரிபார்க்கும் எண்கள். பிறந்த தேதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினாலும் கணக்கு பிசகிவிடும்.

1998இல் மின்சில்லு பொருத்திய கடப்பிதழை உலகில் முதன்முதலாக வெளியிட்டது நமது மலேசியாவே. சில்லில் உரியவரின் படமும் பெருவிரல் ரேகையும் அடங்கின. படத்தைப் பெயர்ப்பவன் விரலை எங்ஙனம் பெயர்ப்பான்?

செமினியில் நெடுங்காலம் பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ரேகை தேய்ந்திருந்தால் இயந்திரம் படிக்கத் தயங்கும். அஞ்ச வேண்டியதில்லை, குடிநுழைவு அதிகாரியிடம் தொழிலைக் கூறி, மற்ற விரலையும் வைத்துப் பார்க்கும்படி கேட்கலாம்.

பிறருடைய கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது, 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். வைத்திருப்பவர் முதலாளியாயினும் ஏஜெண்டாயினும் சட்டம் ஒன்றே.