ஆங்கிலச் சொல் அறிவோம்: நோட்டீஸ்

ஆங்கிலம் கல்லாதவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் தோட்டப்புறத்தில் பலவுண்டு. அவற்றுள் ஒன்று 'நோட்டீஸ்'. திருவிழா நெருங்கினால், உபயகாரர்களின் பெயர்களைத் தாங்கிய மஞ்சள் தாள் வீடுதோறும் வந்து சேர்கிறது, அது நோட்டீஸ். பெரட்டு நடக்கும் இடத்தருகே ஆபீஸ் சுவரில் ஒரு பலகை மாட்டப்பட்டிருக்கிறது. அது நோட்டீஸ் பலகை. ஆனால், 'அவருக்கு நோட்டீஸ் வந்துவிட்டதாம்' என்று பால் நிறுக்கும் இடத்தில் ஒருவர் கூறினால், சுற்றி நிற்பவர்களின் முகம் வாடிவிடுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் மகிழ்ச்சியையும் வேறோரிடத்தில் அச்சத்தையும் தருவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் பேராக் மாநிலத் தோட்டமொன்றுக்குப் பணியின் பொருட்டுச் சென்றிருந்தோம். கூட்டம் கலைந்தபின், பால் வெட்டும் தொழிலாளர் ஒருவர் நம்மை அணுகி, 'ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க' என்று உறையொன்றை நீட்டினார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததால் அதில் திருநீறு படிந்திருந்தது. மலாய் மொழியில் எழுதப்பட்ட வேலை நீக்கக் கடிதம் அது. நோட்டீஸ் என்று யாரோ கூறக் கேட்டதும், பிரித்துப் படித்தால்தான் அது தம்மைக் கட்டுப்படுத்தும் என்றெண்ணி அவர் உறையைத் திறக்காமலே வைத்துவிட்டார். கடிதத்தின் தேதியைப் பார்த்தோம். ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. முறையீடு செய்வதற்குரிய காலம் முடிந்துபோயிருந்தது. 'இதிலே தேதியெல்லாம் போட்டிருக்குமா, ஐயா?' என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. அக்கேள்விக்காகவே இம்மாதம் இச்சொல்லை எடுத்துக்கொண்டோம்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். ஆங்கிலத்தில் என், ஓ, டி, ஐ, சி, ஈ என ஆறெழுத்துகளால் இதனை எழுதுவர். ஈற்றிலுள்ள எழுத்துகளைக் கண்டு 'நோட்டைஸ்' என்று படித்தல் பிழை. 'நோட்டிஸ்' எனக் குறுகி ஒலிப்பதே ஆங்கில முறை. நாம்தான் அதனை 'நோட்டீஸ்' என நீட்டிக்கொண்டோம். மலாய் மொழியில் என், ஓ, டி, ஐ, எஸ் என்னும் ஐந்தெழுத்துகள் போதும். தமக்கு வரும் தாளின் தலைப்பில் இவ்வெழுத்துகள் உள்ளனவா என்று பார்த்தறிய எவரும் பழகிக்கொள்ளலாம்.

இச்சொல் பிரெஞ்சு மொழி வழியாகப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. அதற்கும் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள 'நோட்டிஷியா' என்னும் சொல். 'அறியப்பட்டிருத்தல்' என்பது அதன் பொருள். அறிதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. 'அறிவித்தல்' எனப் பொருள்படும் நோட்டிஃபை அவற்றுள் ஒன்று. பலராலும் அறியப்பட்டவர் என்ற பொருளில் தோன்றிய நோபிள், அறியாமையைச் சுட்டும் இக்னொரன்ஸ் ஆகியனவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்கும் 'நோ', அதாவது அறி என்னும் ஆங்கில வினையும் இவற்றுக்கு உறவு. அதன் முன்னே ஒலிக்காமல் நிற்கும் 'கே' என்ற எழுத்தை முற்காலத்தில் ஒலித்தே வந்தனர்.

இவற்றைவிட வியப்பான உறவு ஒன்றுண்டு. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து, நம் வழிபாட்டிலும் பெயர்களிலும் கலந்துவிட்ட 'ஞானம்' என்னும் சொல்லும் இதே தொன்மையான வேரிலிருந்து பிறந்ததென மொழிநூலார் காட்டியுள்ளனர். சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்ட அந்தத் தாளின் பெயரும் ஞானமும் ஒரு குடும்பத்தவை என்பதை அன்று அத்தொழிலாளரிடம் கூற நமக்கு மனம் வரவில்லை.

'கவனித்தல்' என்னும் பொருளில் இச்சொல்லை வினையாக வழங்குவது இன்று இயல்பாகிவிட்டது. முன்னர் அதற்கு எதிர்ப்பு இருந்தது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அகராதி ஆசிரியரான நோவா வெப்ஸ்டருக்கு 1789-இல் எழுதிய கடிதத்தில், இவ்வாறு பெயர்ச்சொல்லை வினையாக்குவதைக் குறைகூறியிருந்தார். பெரியவர் குறைகூறியும் மக்கள் வழக்கு நின்றுவிடவில்லை. மொழியில் இப்படித்தான் நடக்கிறது.

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் வேறு சொற்களோடு சேர்ந்து வெவ்வேறு பொருள் தரும். 'டேக் நோட்டீஸ்' என்றால் கவனி என்பது. 'ஷார்ட் நோட்டீஸ்' என்றால் போதிய அவகாசமின்றி அறிவித்தல். நாளைக் காலை கூட்டமென்று இன்றிரவு சொல்லியனுப்புவது இவ்வகை. 'அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்' என்று பலகையில் எழுதியிருந்தால், மறு அறிவிப்பு வரும்வரை என்று கொள்ளவேண்டும். குழாய்நீர் நிறுத்தப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பின் கீழ் இத்தொடரைக் காணும்போது மட்டும் அதன் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை! 'கிவ் நோட்டீஸ்' என்பது, ஓர் உடன்பாட்டை முடித்துக்கொள்ளப் போவதாக முன்கூட்டியே அறிவித்தல். நம்மவர் அஞ்சுவது இந்த ஒரு பொருளுக்குத்தான்.

அந்த அச்சத்துக்கும் காரணமுண்டு. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே பறிபோன குடும்பங்கள் பல. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அந்நிலையை எதிர்கொள்ளவே. பாட்டனாரின் காலத்து அனுபவம் பேரனின் காதிலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

எனினும், சட்டத்தின் பார்வையில் நோட்டீஸ் என்பது தொழிலாளிக்குரிய காப்பு என்பதை நாம் அறியவேண்டும். முன்னறிவிப்பின்றி ஒருவரை வெளியே அனுப்பக்கூடாது என்பதற்காக ஏற்பட்டதே அது. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, வேலையை முடித்துக்கொள்ளும் அறிவிப்பு எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். மண்டோர் வாய்மொழியாக 'நாளை முதல் வரவேண்டாம்' என்று கூறுவது நோட்டீஸ் ஆகாது. அறிவிப்புக் காலம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அதன்படி நடக்கும். எழுதப்படாவிடில், இரண்டாண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரங்கள். இரண்டு முதல் ஐந்தாண்டுகளுக்கு உட்பட்டவருக்கு 6 வாரங்கள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 8 வாரங்கள். தோட்டம் கைமாறுவதாலோ மூடப்படுவதாலோ வேலை போகுமானால், ஒப்பந்தம் என்ன கூறினும் இக்கால அளவு குறையக்கூடாது. அவகாசம் கொடாமல் உடனே அனுப்ப விரும்பும் நிர்வாகம், அக்காலத்துக்குரிய சம்பளத்தை ஈடாகத் தரவேண்டும்.

இவ்வாறு ஆட்குறைப்புச் செய்யப்படுவோருக்கு, 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் வேறொரு தொகையும் உண்டு. குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து வேலை செய்திருக்கவேண்டும். மேற்கூறிய மூவகைச் சேவைக் காலத்துக்கும் முறையே ஆண்டொன்றுக்கு 10, 15, 20 நாள் சம்பளம் என்று கணக்கிடுவர்.

காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின்படி, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். நாம் கண்ட அத்தொழிலாளர் தவறவிட்டது இந்த அறுபது நாள்களைத்தான்.

ஆபீசிலிருந்து வரும் தாளெல்லாம் வேலை நீக்கக் கடிதம் அன்று. 'துஞ்சுக் செபாப்' என்ற மலாய்ச் சொற்கள் தலைப்பில் இருந்தால், அது காரணம் கேட்கும் கடிதம். உம்மீது இன்ன குற்றச்சாட்டு உள்ளது, உமது விளக்கம் யாது என்பதே அதன் கருத்து. நடத்தைக் குற்றத்தின் பேரில் ஒருவரை அறிவிப்பின்றி நீக்குவதாயினும், முறையான விசாரணை நடந்த பின்னரே அவ்வாறு செய்யலாம். காரணம் கேட்கும் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவர், தம் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் எழுதவேண்டும். எழுத இயலாதவர் தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டியாரிடமோ, படித்த பிள்ளைகளிடமோ கொடுத்து எழுதுவிக்கலாம்.

நோட்டீஸ் நிர்வாகத்துக்கு மட்டும் உரியதன்று. வேலையை விட்டுச் செல்ல விரும்பும் தொழிலாளியும் அதே கால அளவு கொடுக்கக் கடமைப்பட்டவர். உறவினர் வேறு தோட்டத்தில் கூடுதல் சம்பளம் என்று அழைத்தவுடன் இரவோடிரவாகப் புறப்படுவோர், அறிவிப்புக் காலச் சம்பளத்தைத் தாமே ஈடு செய்யவேண்டிய நிலை வரலாம். முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராமலிருப்பதும் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளப்படும். தக்க காரணம் இருந்து, அதனை நிர்வாகத்துக்கு அறிவித்தோ அறிவிக்க முயன்றோ இருந்தால் அவ்வாறு கொள்ளப்படாது. ஊரில் துக்கம் என்று அவசரமாகச் செல்வோர், கிராணிக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்பலாம். அதுவும் நோட்டீஸ்தான், 'அறியப்பட்டிருத்தல்' என்னும் பழைய பொருளில்.

நாள் கணக்கிடும் முறையையும் ஒருமுறை செய்து பார்ப்போம். அறிவிப்பு கொடுக்கப்பட்ட நாளும் கணக்கில் சேரும். மார்ச் 1-ஆம் தேதி 4 வார நோட்டீஸ் கிடைத்தால், அது 28 நாள். மார்ச் 28-ஆம் தேதியோடு முடிகிறது. எட்டு வாரமென்றால் 56 நாள். மார்ச்சில் 31, ஏப்ரலில் 25, ஆக ஏப்ரல் 25-ஆம் தேதி வரை. கடிதத்தில் அச்சிட்ட தேதி ஒன்றும், அது நம் கையில் கிடைத்த தேதி மற்றொன்றுமாக இருப்பதுண்டு. ஆகையால், உறையைப் பெற்றவுடன் அதன் மூலையில் பெற்ற தேதியைப் பேனாவால் எழுதி, கொண்டுவந்து தந்தவர் யாரென்பதையும் அதன்கீழ் குறித்துவிடுங்கள். உறையை எறிந்துவிடாமல் கடிதத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்.