எங்கள் நாய்க்குட்டிக்கு ஒரு நற்பெயர்

"பெண் குட்டியா? வேண்டாம்" என்று பலரும் ஒதுக்கிய டாக்ஸ்ஹுண்ட் நாய்க்குட்டி ஒன்று செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கேற்ற அழகிய பெயரைத் தேடினோம்.

ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்பது வளைக்கரடி. 'ஹுண்ட்' என்பது நாய். வளைக்குள் நுழைந்து வேட்டையாடவே இவ்வினத்திற்கு நீண்ட உடலும் குட்டைக் கால்களும் அமைந்தன. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான 'வால்டி'யும் இவ்வினமே.

தமிழிலும் தேடினோம். தொல்காப்பிய மரபியல் பெண் நாயைப் 'பிணவு' என்றும், குட்டியைக் 'குருளை' என்றும் கூறுகிறது. 'குருளை' இனிய சொல்தான்; ஆனால் குட்டி வளர்ந்துவிடுமே! மேலும், கூப்பிடும் பெயர் சுருக்கமாயிருந்தால் நாய் எளிதில் கற்றுக்கொள்ளும்.

வழவழப்பான அதன் மேனியைத் தடவினோம். 'பட்டு' என்று அழைத்தோம், வாலை ஆட்டியது. வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவளுக்குக் காஞ்சியின் பெருமையே பெயராயிற்று. பெயருக்கேற்பப் பேணுவது இனி நம் கடமையன்றோ!