பிரேக் பேடு மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்களுடையது 2016 மாடல் வேகன் ஆர். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பள்ளி வேலைக்குத் தினமும் நானேதான் ஓட்டிப் போகிறேன். சில நாட்களாக பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வருகிறது. சர்வீஸ் சென்டரில் டிஸ்க், பேடு, பின்பக்க ஷூ எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக், பேடு மட்டும் போதும், வெளியில் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு மாமனார், மாமியார், பிள்ளைகளோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
- ஓர் ஆசிரியை, ராசிபுரம்

பதில்: சகோதரி, இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள்.

பேடு தேய்ந்து மெலிந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்கும் சத்தம் அதுவாக இருக்கலாம். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, அதில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருளை மட்டும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரே சக்கரத்தில் உள்பக்க பேடு தகடுவரை தேய்ந்து, வெளிப்பக்க பேடு தடிமனாக இருந்தால் காலிப்பர் பின் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போடாமல் எவ்வளவு விலை உயர்ந்த பேடு போட்டாலும் அதே பக்கம்தான் மறுபடியும் தேயும்.

டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்பதை டிஸ்க்கே சொல்லும். எந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் பொறித்திருப்பார்கள். அளக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேடு படாது. அதனால் அங்கே தேயாமல் ஒரு வரம்பு மாதிரி நிற்கும். வெர்னியரை அந்த வரம்பின் மேல் வைத்து அளந்தால் தேய்ந்த டிஸ்க்கும் நல்ல டிஸ்க்காகத் தெரியும். பேடு உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்து, ஆழமான கோடுகளோ பிரேக் பிடிக்கும்போது உதறலோ இல்லையென்றால் டிஸ்க்குக்குச் செலவு செய்ய வேண்டாம்.

பின்பக்க ஷூ பொதுவாக மெதுவாகத்தான் தேயும். டிரம்மைக் கழற்றினால் தெரிந்துவிடும். வீல் சிலிண்டர் கசிந்து ஷூ ஆயிலில் ஊறியிருந்தால் மட்டும் யோசிக்காமல் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

எந்த பேடு வாங்குவது? கார் கம்பெனி பெட்டியில் வருவதுதான் நல்லது, மற்றதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் இருக்கும் ரானே மாதிரி, கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரிலும் கடைகளுக்குத் தருகிறார்கள். அதைத் தாராளமாக வாங்கலாம். நான் பயப்படுவது போலிகளுக்குத்தான். பெட்டியில் இருக்கும் பெயரும் எண்ணும் பேடின் முதுகுத் தகட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள். பழைய சாமான் கடையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பிரேக் சாமான் வேண்டவே வேண்டாம். வாங்கும்போது இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே என் முதல் கவலை பிரேக் ஆயிலைப் பற்றித்தான். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

நானே அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பேடு புதுசு, ஆயில் நாலு வருடப் பழசு. பாதி மலையில் பெடல் பஞ்சுமாதிரி தரைவரை போனது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரமாக நிறுத்தினேன். பின்சீட்டில் என் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றத் தவறியதில்லை. நீங்களும் ரிசர்வாயர் மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத டப்பாவில் வாங்கி, பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியருக்கு மேல் போகாதீர்கள்.

வண்டியை இந்த வாரமே விட்டுவிடுங்கள். புது பேடு டிஸ்க்கோடு பதிய 200, 300 கிலோமீட்டராவது ஓட வேண்டும். அதுவரை அவசரமில்லாமல் சடன் பிரேக் போடாதீர்கள். நாமக்கல்லுக்குப் பள்ளிக்குப் போய்வரும் ஓட்டத்திலேயே அது ஆடிப் பதினெட்டுக்குள் தாராளமாக முடிந்துவிடும்.