பெற்றோரும் உயர்கல்வியும்

தம் மக்கள் நல்வாழ்வு பெறுதல் வேண்டும் என்னும் அவா பெற்றோர் அனைவர்க்கும் பொதுவானது. மாளிகையில் வாழ்வோர்க்கும் குடிசையில் வாழ்வோர்க்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆயின், அவ்வவாவை நிறைவேற்றும் ஆற்றல் எல்லார்க்கும் ஒத்த அளவினதாக அமைவதில்லை. பொருள் நிலையும் குடும்பச் சூழலும் அதனை வரையறுக்கின்றன. அஃது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் ஊரில் மாணவர் இருவர் பன்னிரண்டாம் வகுப்பில் ஒத்த மதிப்பெண் பெற்றனர் எனக் கொள்வோம். ஒருவனுடைய தந்தை அலுவலர். தாயும் பட்டம் பெற்றவர். மற்றவனுடைய பெற்றோர் கழனியில் கூலி வேலை செய்வோர். முன்னவன் வீட்டில், ‘எந்தக் கல்லூரி?’ என்பதே வினா. பின்னவன் வீட்டிலோ, ‘கல்லூரிக்கு அனுப்புதல் இயலுமா?’ என்பதே வினா. விண்ணப்பிக்க வேண்டிய நாள், கலந்தாய்வின் முறை, பாடப்பிரிவுகளின் பயன் ஆகியவற்றை அலுவலர் தம் பட்டறிவால் அறிவார். அறியாதவற்றைக் கேட்டறிய அவர்க்கு நண்பரும் உறவினரும் உளர். கூலியாளர்க்கோ அறிந்து கூறுவார் அருகில் இலர். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் ஒருநாள் அலைந்தால், அந்நாட் கூலி போயிற்று. மேலும், கல்லூரிக் கட்டணம் மட்டுமே அவர்க்குச் செலவு அன்று. மகன் வேலைக்குச் சென்றால் வரக்கூடிய கூலியையும் அவர் இழக்கின்றார். இவ்விரண்டாம் இழப்புப் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இதுகொண்டு, வறியோர் தம் மக்கள் கல்வியில் கருத்தில்லாதவர் என்று கூறுதல் பிழையாகும். யான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, மாணவன் ஒருவனுடைய தந்தை பெற்றோர் கூட்டத்திற்கு ஒருமுறையேனும் வந்திலர். அவர்க்கு அக்கறை இல்லை என்றே யானும் எண்ணியிருந்தேன். ஒருநாள் மாலை அவர் பள்ளி வாயிலில் நின்றிருந்தார். “ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளே வந்து என்ன கேட்பது என்பதும் தெரியாது. இவன் மேலே படிக்க எங்கே போகவேண்டும் என்று தாங்கள் சொன்னால் போதும், பணத்திற்கு ஆட்டை விற்றுவிடுகிறேன்” என்றார். யான் நாணினேன். அவரிடம் இல்லாதது அக்கறை அன்று. அவர்க்கு வழிகாட்டுவாரே இல்லை.

இக்குறையை நீக்க அரசு பல திட்டங்களை வகுத்துள்ளது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2010ஆம் ஆண்டில், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புப் பயில்வோர்க்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்கள், 2020இல் மருத்துவக் கல்வியிலும் 2021இல் பொறியியல் முதலியவற்றிலும் ஒதுக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022இல் தோன்றியது. ஆண்களுக்குரிய ‘தமிழ்ப்புதல்வன்’ திட்டம் 2024இல் தோன்றியது. இத்தொகை இழந்த கூலிக்கு ஈடாகாவிடினும், உணவிற்கும் நூல்களுக்கும் உதவும்.

எனினும், உரிய காலத்தில் அறிந்து விண்ணப்பியாதார்க்கு இவற்றால் பயன் விளையாது. ஆதலின், அறிந்தோர் அறியாதார்க்கு எடுத்துரைத்தல் இன்றியமையாதது. முற்கூறிய மாணவன் பின்னர்ப் பட்டம் பெற்றான். தன் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பம் நிரப்பித் தருகின்றான். மாணவர்களே! நீங்களும் கல்லூரி வாயிலைக் கடந்தபின், பின்னால் வருவோர்க்கு அவ்வாயிலைக் காட்டுங்கள். உங்கள் பெற்றோர் தம் உழைப்பால் பட்ட கடனுக்கு அதுவே தக்க கைம்மாறு.