அட்டையில் ஒரு டாங்கி

புனே நகரில் கோர்படி என்ற பகுதி உள்ளது. அங்கே ஒரு போர் நினைவிடம் இருக்கிறது. அது மக்கள் கொடுத்த பணத்தில் கட்டியது. 1998-இல் திறந்தார்கள்.

அருண் கேத்ரபால் புனேயில் பிறந்தவர். பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையில் அதிகாரி. 1971 டிசம்பர் 16. போரில் அவருடைய டாங்கி தீப்பிடித்தது. இறங்கி வரச் சொன்னார்கள். பீரங்கி இன்னும் சுடும் நிலையில் இருந்தது. அவர் இறங்கவில்லை. சண்டையிலேயே உயிர் விட்டார். அப்போது வயது 21. அவருக்குப் பரம்வீர் சக்ரா விருது கொடுத்தார்கள்.

அந்த டாங்கி செஞ்சூரியன் வகை. அதை அட்டையில் செய்வோமா?

முதலில் அளவு. உண்மையில் 1 மீட்டர் என்றால், அட்டையில் 4 சென்டிமீட்டர்.

நீளம் சுமார் 7½ மீட்டர். அட்டையில் 30 செ.மீ.
உயரம் சுமார் 3 மீட்டர். அட்டையில் 12 செ.மீ.
அகலம் அட்டையில் 13½ செ.மீ.

செய்முறை:
1. ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். வெட்டுங்கள்.
2. மடிக்கும் கோட்டை லேசாகக் கீறுங்கள். மடிப்பு நேராக வரும்.
3. பெட்டி போல ஒட்டுங்கள். மேலே சுழலும் கூண்டு.
4. காகிதத்தைச் சுருட்டினால் பீரங்கிக் குழாய்.
5. பக்கத்துக்கு 6 சக்கரம். சுற்றிலும் நெளி அட்டைப் பட்டை.

அளவில் கவனம் தேவை. இங்கே 1 செ.மீ. தப்பினால், உண்மையில் 25 செ.மீ. தப்பும்.

கடைசியாக, 7 செ.மீ. உயரத்தில் காகித மனிதன் ஒருவனை வெட்டுங்கள். கூண்டின் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தக் கூண்டுக்குள் 3 பேர் இருந்தார்கள். எவ்வளவு நெருக்கடி, பாருங்கள்!

கணக்கு: உங்கள் வீட்டுக் கதவு 2 மீட்டர் உயரம். அட்டையில் எத்தனை செ.மீ.?